கவுண்டர் ஹிந்தியில் ஒரு தாத்தா

ஹிந்தியில் நான் ரொம்ப நல்லவன். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, என் பேத்தி எழுதியே கொடுத்திருக்கிறாள். நாலாம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களாம். "என் தாத்தா அமைதியானவர். குறைவாகப் பேசுவார். யாரையும் ஒரு சொல் கடிந்து சொல்ல மாட்டார்" என்று எழுதி வைத்தாள். எனக்கு ஹிந்தி எழுத்து வாசிக்க வராது. என் மகன்தான் அதை வாசித்து, தமிழில் எனக்குச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போர்ட் பிளேரில் ஜங்லிகாட் பக்கத்து டீக்கடையில் சாயங்காலம் என்னோடு உட்காரும் மூன்று கிழவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவருக்குப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

தமிழில் என் கதை வேறு. வாய் இருக்கிறதே, அது பிறவிக் கோளாறு. திருமங்கலம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்து, அரசாங்கத்தில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் எழுத்தராக உட்கார்ந்தேன். பொங்கல் நெருங்கினால் மெயின்லேண்ட் போகிற கூட்டம் ஜன்னலை மொய்க்கும். நம்மூர் கான்ட்ராக்டர் ஒருவர் வருஷம் தவறாமல், "ஐயா, பாட்டி செத்துப்போச்சு, அவசரம்" என்று வரிசையைத் தாண்டி வந்து நிற்பார். மூன்றாவது வருஷம் நான், "போன வருஷமும் இதே பாட்டிதானே? இந்தத் தடவ போறப்ப மூச்சு இருக்கான்னு நல்லாப் பாத்து உறுதி பண்ணிட்டு வாங்க" என்றேன். வரிசையில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தெலுங்குக்காரர்களும் மலையாளிகளும் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு சிரித்தார்கள். அந்த மனிதர் அதற்குப் பின் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்.

ஹிந்தி நான் அதே ஜன்னலுக்குப் பின்னால் கற்றதுதான். இந்தத் தீவில் யாரும் யாரோடு பேசுவதற்கும் ஹிந்தி வேண்டும். எனக்கு வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கற்றுக்கொண்டேன். லைனில் வா. ஃபார்ம் எங்கே? ஃபோட்டோ ஒட்டு. இன்றைக்கு இல்லை, நாளைக்கு வா. முப்பத்தாறு வருஷம் இதை வைத்தே காலம் தள்ளினேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்துப் பேத்தி பிறந்தபோது, அவளைக் கொஞ்சுவதற்கும் என்னிடம் இருந்தது இந்தச் சரக்குதான். "ஆஜா. பைட் ஜா. கானா காவ்." வா, உட்கார், சாப்பிடு. ஒரு எழுத்தர் குழந்தையைக் கொஞ்சினால் அப்படித்தான் இருக்கும். டோக்கன் மட்டும் கொடுக்கவில்லை.

ஏன் தமிழில் கொஞ்சவில்லை என்று கேட்பீர்கள். என் மருமகள் ஹேவ்லாக் தீவின் வங்காளிப் பெண். போர்ட் பிளேரில் படிக்க வந்தவள், என் மகனைப் பிடித்துக்கொண்டாள். அல்லது அவன் பிடித்துக்கொண்டான், இரண்டு தரப்பிலும் இன்றுவரை மறுப்பு இருக்கிறது. என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டதால், கல்யாணப் பேச்சில் எங்கள் தரப்பில் வாய் நான் ஒருவன்தான். சம்பந்தி பாக்குத் தோட்டக்காரர். ஒல்லியான மனிதர். நான் கவுண்டர் ஹிந்தியில் நாலு வார்த்தை சொன்னால், அவர் தோட்டத்து ஹிந்தியில், "டீக் ஹை" என்பார். சரி என்று அர்த்தம். மழையா, டீக் ஹை. பாக்கு விலை விழுந்துவிட்டதா, டீக் ஹை. பாவம், மனுஷன் கொஞ்சம் மந்தம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பேத்தி பிறந்த மாதம் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. மருமகள் குழந்தையிடம் வங்காளம் பேசினாள், மகன் தமிழ் பேசினான். நான் நடுவில் புகுந்து பஞ்சாயத்துப் பண்ணினேன். "நாளைக்கு ஸ்கூல் போற புள்ள. மூணு பாஷையப் போட்டுக் கொழப்பாதீங்க. தமிழும் வேணாம், பெங்காலியும் வேணாம். ஹிந்தி போதும்." நடுநிலையான தீர்ப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தன் மொழியையே விட்டுக்கொடுக்கிறாரே என்று மருமகள் நெகிழ்ந்து போனாள். ஹேவ்லாக்குக்கு ஃபோன் போட்டுச் சொன்னோம். அங்கிருந்தும் டீக் ஹை வந்தது. வெளியில் நான் சொன்ன காரணம் அதுதான். உள்ளே இருந்த காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை.

தமிழ் வீட்டைவிட்டுப் போய்விடவில்லை. அது வேறு வேலையில் சேர்ந்தது. குழந்தைக்குத் தெரியக்கூடாத விஷயங்களை நானும் மகனும் தமிழில் பேசிக்கொண்டோம். தடுப்பூசி என்றைக்கு, மிட்டாய் எங்கே ஒளித்து வைத்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்திருப்பது என்ன நோய். மூன்று வயதில் அவள் நாங்கள் தமிழில் இரண்டு வாக்கியம் பேசினாலே சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு அழுவாள். தமிழ் என்றால் ஊசி என்று கண்டுபிடித்துவிட்டாள். மருமகளும் அப்படியே, தன் வீட்டு ரகசியங்களை வங்காளத்தில் ஃபோனில் பேசினாள். குழந்தை இரண்டையும் கேட்டபடி ஹிந்தியில் வளர்ந்தாள். என்னைத் தாத்தா என்று கூப்பிடுவது ஒன்றுதான் தமிழ்.

அப்படியே பதினெட்டு வயதாகிவிட்டது. இந்த வருஷம் சென்னையில் கல்லூரியில் இடம் கிடைத்தது. சென்னையில்! அங்கே விடுதிச் சமையல்காரரும் ஆட்டோக்காரரும் அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்துவிடுவார்கள், ஒரே வீட்டில் இருந்த நான் கொடுக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். அதைவிட ஒரு பயம். எனக்கு எழுபத்தெட்டு வயது. அவள் படித்து முடித்துத் திரும்பும்போது நான் இருப்பேனோ, படமாக இருப்பேனோ. குறைவாகப் பேசுகிற ஒரு நல்ல கிழவர் வீட்டில் இருந்தார், சாப்பிடு சாப்பிடு என்பார் என்ற அளவில் என்னை நினைவு வைத்துக்கொண்டு அவள் காலம் முழுக்க இருக்கப் போகிறாள். யாரோ ஒரு கிழவரை அவள் என் பெயரில் நேசித்துக்கொண்டிருக்கிறாள். அவள் போவதற்குள் ஒரு தடவையாவது உண்மையான ஆளைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

முயற்சி செய்யாமல் இல்லை. ஒருநாள் காலையில் அந்தக் கான்ட்ராக்டரின் பாட்டி கதையை ஹிந்தியில் சொன்னேன். வேர்த்து விறுவிறுத்துச் சொன்னேன். ஒரு ஆள் வந்தான், பாட்டி இறந்தாள், டிக்கெட் கொடு என்றான், அடுத்த வருஷம் வந்தான், பாட்டி இறந்தாள் என்றான், நான் சொன்னேன், நன்றாகப் பார்த்து வா. அவள் கண் கலங்கிவிட்டது. "ஐயோ பாவம், எத்தன பாட்டி செத்துப்போயிருக்காங்க அவருக்கு!" என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் பேசியதெல்லாம் ஹிந்திதான். நான்தான் அதைத் திருமங்கலத்துத் தமிழில் எழுதுகிறேன். இந்தப் பக்கங்களிலாவது என் பேத்தி என் பாஷை பேசட்டும். எழுதுகிறவனுக்கு இந்த லாபம்கூட இல்லாவிட்டால் எப்படி?

புறப்படுவதற்கு முந்தைய வாரம், ஹேவ்லாக் போய் அந்தத் தாத்தாவிடம் ஆசீர்வாதம் வாங்கிவர வேண்டும் என்றாள் மருமகள். அவளுக்கும் மகனுக்கும் லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன். அரசாங்கப் படகில் இரண்டரை மணி நேரம். போகும்போது இருவரும் பேசிக்கொண்டது: "பசிக்குதா?" "இல்ல தாத்தா." "தூங்கு." "சரி தாத்தா."

அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் பாய் விரித்தார்கள். பேத்தி படிக்கப் போகிறாள் என்று அக்கம்பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். என் சம்பந்தி தூணில் சாய்ந்துகொண்டு வங்காளத்தில் எதையோ ஆரம்பித்தார். இரண்டு வாக்கியத்துக்குள் ஒருவர் சிரித்தார். அவரோ சிரிக்கவில்லை. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு புருவத்தை மட்டும் ஏற்றி, இன்னொன்றைச் சொன்னார். முற்றமே வெடித்தது. ஒரு குண்டு மனிதர் விலாவைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கிழவர் விடவில்லை. யாரோ ஒரு அதிகாரி மாதிரி நடந்து காட்டினார், யாரோ ஒரு அம்மாள் மாதிரி முகத்தைச் சுளித்துக் காட்டினார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். டீக் ஹை மனிதரா இவர்? இருபது வருஷமாக ஒரு பெரிய கலைஞனை மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கிருந்தவர்களில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர், நானும் என் பேத்தியும். இருவர் கையிலும் ஆளுக்கொரு தட்டில் ரசகுல்லா.

மருமகளின் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்பா உங்களப் பத்தி என்ன சொல்வாரு தெரியுமா?" என்று ஹிந்தியில் கேட்டான். "சம்பந்தி ஒரு சாமியார், வாயத் தொறக்க மாட்டாரு, நமக்குத்தான் அந்தப் பக்குவம் வரலன்னு சொல்வாரு." எதிரே பார்த்தேன். சம்பந்தி என்னைப் பார்த்து மரியாதையாகக் கைகூப்பினார். நானும் சாமியார் மாதிரியே கைகூப்பினேன். வேறென்ன செய்ய?

மறுநாள் காலைப் படகில் திரும்பினோம். படகு கிளம்பியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, நீங்களும் நேத்து அவரு மாதிரிதான, டீக்கடையில? நான் ஸ்கூட்டில போறப்ப பாத்துருக்கேன். நீங்க கைய ஆட்டி என்னமோ சொல்வீங்க, அவங்க மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாத்தியா?" என்றேன்.

"எத்தனையோ தடவ. எனக்குத் தமிழ்ல சொல்லுங்க. அவங்ககிட்ட சொல்றாப்புலயே சொல்லுங்க. எனக்குப் புரியாட்டிப் பரவால்ல, நான் பாக்கணும்."

இப்படி ஒரு வரம் கிடைத்தால் என் மாதிரி ஆள் விடுவானா? முதல் முதலாக நான் இந்தத் தீவுக்கு வந்த கப்பல் பயணத்தைச் சொன்னேன். மூன்று நாள் வாந்தி. மேல் படுக்கையில் நான். கீழே ஒருவர், தலைமாட்டில் சீர் வரிசைக்கு வாங்கிய புது எவர்சில்வர் வாளியோடு. இரண்டாம் நாள் காலையில் எனக்கு அவசரம், கைக்கு எட்டியது அந்த வாளி. அவர் கண்விழித்து வாளிக்குள் எட்டிப் பார்த்ததை நடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். சரியான இடத்தில் சிரித்தாள்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் சொர்க்கத்துக்குப் பக்கத்தில் போய்விட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். அவள் புரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தைரியம் கொடுத்தது. பதினெட்டு வருஷமாக உள்ளே கிடந்ததை, கதை சொல்கிற அதே குரலில் எடுத்து விட்டேன்.

"பாப்பா, நம்ம வீட்டுல தமிழ் வேணாம்னு சொன்னது நாந்தான். ஸ்கூலு, கொழப்பம்னு சொன்னதெல்லாம் சும்மா. ஒங்கம்மா நாள் முழுக்க ஒன்கூட இருக்கறவ. ரெண்டு பாஷையவும் பேச விட்டா பெங்காலிதான் ஜெயிக்கும், எம்பேத்தி அவுக வீட்டுப் புள்ளையா ஆயிருவான்னு பயம். அதான் ரெண்டுக்கும் தட போட்டேன். எதிரிக்குச் சகுனத்தட ஆகணும்னு எம்மூக்க நானே அறுத்துக்கிட்டேன். அந்த மனுசன் மூக்கையும் சேத்து அறுத்துட்டேன். நேத்து அவரு பேசுறதப் பாத்ததுலருந்து எனக்கு மனசே சரியில்ல."

முன் இருக்கையில் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெதுவாகத் திரும்பினாள். நாற்பது வயதிருக்கும்.

"தப்பா எடுத்துக்காதீங்கய்யா, காதுல விழுந்துருச்சு. எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் புள்ளைக்குப் புரியிறாப்புல சொல்லுங்க."

ஐம்பத்தாறு வருஷம் இந்தத் தீவில் இருந்தவன், அரசாங்கப் படகில் உட்கார்ந்துகொண்டு தமிழை ரகசியம் என்று நினைத்தேன். நேற்று வந்து இறங்கினவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேத்தி, "என்ன ஆச்சு தாத்தா? அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். இனித் தப்பிக்க முடியாது.

ஹிந்தியில் சொன்னேன். வீட்டில் தமிழ் வேண்டாம் என்று சொன்னது நான். பெங்காலி வேண்டாம் என்றதும் நான். பெங்காலி பெரிதாகிவிடும் என்று பயம். தப்பு. பெரிய தப்பு. என்னிடம் இருந்த ஹிந்தி அவ்வளவுதான்.

அவள் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

"நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன் தாத்தா."

"என்ன?"

"அம்மா பெங்காலிங்கறதால நீங்க எனக்குத் தமிழ் குடுக்கலன்னு. அப்பா தமிழ்ங்கறதால அங்க ஹேவ்லாக் தாத்தா எனக்குப் பெங்காலி குடுக்கலன்னு. ரெண்டு வீட்டுலயும் நான் பாதிதான, அதான் நான் வந்தா எல்லாரும் அவங்க பாஷைய மூடி வச்சுட்டு ஹிந்திக்கு மாறிடுறாங்கன்னு நெனச்சிருந்தேன்."

"எப்பருந்து?"

"சின்னதுலருந்தே."

அவள் குறையாகச் சொல்லவில்லை. எப்போதோ பழகிப்போன விஷயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் இது. இல்லை என்றேன். ஹிந்தியில் அதற்கு "நஹீ" என்று ஒரு சொல்தான் எனக்குத் தெரியும். அதையே ஐந்தாறு தடவை சொன்னேன். அப்படியில்லை, நீ பாதியில்லை, உன்னைவிட எனக்கு முழுசாக யாரும் கிடையாது என்று சொல்வதற்கு எனக்கு ஹிந்தி இல்லை. தமிழில் ஆரம்பித்தேன். பாதியில் குரல் உடைந்தது. அவளுக்கு அதுவும் புரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு முன் இருக்கைப் பெண்ணைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, தாத்தா என்ன சொல்றாரு? கொஞ்சம் சொல்லுங்களேன்."

அந்தப் பெண் கூடையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நான் தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் ஹிந்தியில் சொன்னாள். பேத்தி ஹிந்தியில் கேட்டது எனக்குப் புரிந்தாலும், அதையும் விடாமல் தமிழில் சொன்னாள். மூக்கு அறுந்த கதையை முழுசாகச் சொன்னோம். வாளிக் கதையையும், கேட்டாள் என்பதால், மறுபடி சொன்னோம். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், எந்த ஊர், என்ன பெயர் என்றுகூட நான் கேட்டிராத ஒரு பெண்ணைக்கொண்டு என் பேத்தியோடு பேசிக்கொண்டிருந்தேன். போர்ட் பிளேர் கரை தெரிகிறவரை நான் வாயை மூடவில்லை.

கடைசியில் அந்தப் பெண்ணே களைத்துவிட்டாள். கூடையை எடுத்துக்கொண்டு, என் பேத்தியிடம் சிரித்தபடி ஹிந்தியில், "ஒங்க தாத்தாவுக்கு வாய் ரொம்ப ஜாஸ்தி" என்றாள்.

"எனக்குத் தெரியாது ஆன்ட்டி," என்றாள் என் பேத்தி. "இப்பத்தான் பாக்குறேன்."